நெற்றி உலர்ந்திருக்க வேண்டும்

கையடக்க வெப்பமானி வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படிப்பதில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள். அதில் தவறொன்றும் இல்லை. எழுத்து அவ்வளவு பொடி. ஆனால் அந்தத் தாளில் ஏழாவது வரியாக, நெற்றி உலர்ந்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியை ஒருவர் படித்திருந்தால் நாம் இருவரும் இன்று இந்த மேசையில் எதிரெதிரே உட்கார வேண்டிய தேவையே வந்திருக்காது.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். எண்களை மட்டும் தயவுசெய்து திருப்பிப் படித்துக் காட்டுங்கள். எண்ணில் பிழை வந்தால் எனக்குத் தாங்காது.

இருபத்தாறு வருடமாக வெப்பமானிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் என்று எங்கெங்கோ இருந்து எங்கள் சோதனைக்கூடத்துக்குக் கருவிகள் வரும். துப்பாக்கி மாதிரி நெற்றிக்கு நேரே நீட்டி விசையை அழுத்தினால் எண் காட்டுமே, இப்போதெல்லாம் அவைதான் அதிகம். தோலிலிருந்து வரும் வெப்பக் கதிரை வாங்கி உடம்புச் சூட்டைச் சொல்லும். ஆளைத் தொடவே வேண்டாம். அதைச் சோதிக்க எங்களிடம் ஒரு டப்பா இருக்கிறது. நடுவில் கறுப்புப் பூசிய குழி, சுற்றிலும் வெந்நீர். குழியின் உண்மையான சூடு எவ்வளவு என்று ஒரு கம்பி வெப்பமானி சொல்லும். அதற்கு மாஸ்டர் என்று பெயர். மாஸ்டர் சொன்னால் எங்கள் அறையில் அதற்கு மறுபேச்சு கிடையாது.

டப்பாவை முப்பத்தேழு டிகிரியில் நிறுத்திக் கருவியை நீட்டுவோம். பிறகு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. அப்புறம் அதே ஐந்து படிகளில் இறங்கி வருவோம். ஏறும்போது ஒழுங்காகக் காட்டுகிற கருவி இறங்கும்போது தடுமாறலாம். அதனால் ஏறுமுகம் ஐந்து, இறங்குமுகம் ஐந்து, ஒவ்வொரு படியிலும் மூன்று முறை. மொத்தம் முப்பது அளவுகள். முப்பதும் மாஸ்டரோடு புள்ளி மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போனால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, அதில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இருபத்தொன்பது ஒத்துப்போனால் போட மாட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைப் பிடிவாதக்காரன் என்பார்கள். இருக்கட்டும்.

போன மாதம் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் காய்ச்சலில் இறந்துபோனார். நாள் முழுக்கக் கருவி முப்பத்தாறு புள்ளி நாலுதான் காட்டியது, அதனால்தான் டாக்டரைக் கூப்பிடவில்லை என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லிவிட்டார். கருவியில் என் ஸ்டிக்கர் இருந்தது. விசாரணைக் குழு அமைத்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். முப்பது அளவுகள் எழுதிய தாளைக் கொண்டுபோய் வைத்தேன். குழுவில் இருந்த டாக்டரம்மா அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் டப்பாவுல எடுத்ததுதானே சார்?"

"ஆமாம் மேடம்."

"உங்க டப்பாவுக்கு வேர்க்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பிரிவுத் தலைவரும் சிரித்தார்.

"ஒரு தடவையாவது காய்ச்சல்காரங்க மேல வச்சுப் பாத்திருக்கீங்களா?"

"இல்லை மேடம்."

"அப்புறம் எதை வச்சு சரின்னு எழுதுனீங்க?"

அந்த மாதிரி அவமானத்தை நான் என் வாழ்நாளில் பட்டதில்லை. ஒரு வாரத்துக்குள் மறுசோதனை அறிக்கை தர வேண்டும் என்று சொல்லி அதே கருவியை என்னிடமே கொடுத்தார்கள். பேருந்தில் வீட்டுக்கு வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்த நர்ஸ் பெரியவர் நெற்றியில் ஈரத்துணி போட்டிருப்பார். துணியை எடுத்த கையோடு அளந்திருப்பார். ஈரம் காயும்போது தோலின் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். கருவி ஈரத்தோலின் சூட்டைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் இதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? வேர்க்கிற டப்பா ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

கருவியையும் மாஸ்டரையும் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தது விதிப்படி தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அண்ணன். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. எங்கள் வீட்டு முன்னறையில்தான் கட்டில் போட்டிருந்தோம். பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கவாதத்தில் சிலருக்கு அப்படி ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டு நின்றுவிடுமாம். அவருக்கு நின்றது, 'சரி'. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. அவருக்கு வேறு சொல் வாயில் வராது. என் மனைவிக்கு மட்டும் அது புரியும். இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெட்டிச் சொன்னால் வேண்டாம், இரண்டு தடவை சொன்னால் பக்கத்தில் வந்து உட்கார் என்பாள். அந்த நுட்பமெல்லாம் எனக்கு வராது. சொன்ன வார்த்தையைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவன் நான்.

உடம்பு நன்றாக இருந்த காலத்தில் மச்சான் நக்கல் பிடித்த மனிதர். என்னை 'ஸ்டிக்கர் மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். "நானாவது நாலு பேரை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். மாப்பிள்ளை எச்சில் தொட்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டு வர்றாரு" என்பார். என் மகள் கல்யாணத்தில், பரிசுப் பெட்டியிலிருந்த ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்து என் நெற்றியில் ஒட்டி, "மாப்பிள்ளை பாஸ்" என்று கத்தினார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தேன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். அப்படி எதுவும் இல்லை. மச்சானை எனக்குப் பிடிக்கும். வாரம் இரண்டு முறை அவருக்குச் சவரம் செய்துவிட்டது நான்தான்.

மகளுக்குப் பிரசவம் நெருங்கியதால் மனைவி ஞாயிற்றுக்கிழமை காலை வெளியூர் கிளம்பினாள். ஐந்து நாளில் வருவதாக ஏற்பாடு. நான் விடுப்புப் போட்டேன். திங்கட்கிழமை காலை மச்சானுக்குக் கஞ்சி கொடுக்கும்போது புரையேறியிருந்தது. மத்தியானம் உடம்பு சுட்டது. முப்பத்தொன்பது புள்ளி ஒன்று. நான் பதறிவிட்டேன், அதையும் எழுதுங்கள். தெருமுனை டாக்டரைக் கையோடு அழைத்து வந்தேன். நெஞ்சில் சளி இறங்கியிருக்கிறது என்றார். காய்ச்சல் மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, கிருமிக்கான மாத்திரை காலையும் மாலையும், உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், முப்பத்தொன்பதரையைத் தாண்டினால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. எல்லாம் சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுத்தார். நல்ல கையெழுத்து. டாக்டர்களுக்கு அப்படி அமைவது அபூர்வம்.

மாத்திரைகளை வாங்கி வந்து மேசைமேல் வைத்தேன். அப்போதுதான் மச்சானின் நெற்றியைப் பார்த்தேன். பொடிப்பொடியாக வேர்த்திருந்தது.

நான் கேட்காமல் செய்யவில்லை. கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விவரமாகச் சொன்னேன். "மச்சான், எனக்கு ஆபீஸ்ல ஒரு சிக்கல். உங்க காய்ச்சலை வச்சு ஒரு சோதனை பண்ணிக்கறேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க. செய்யட்டுமா?"

"சரி" என்றார்.

மாஸ்டர் கம்பியை அவர் கக்கத்தில் வைத்து ஒட்டினேன். நோட்டில் கோடு போட்டுக் கட்டம் வரைந்தேன். மாலையில் ஒரு காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். மாத்திரையே கொடுக்கவில்லை என்று என் மனைவி சொல்வது உண்மையல்ல. சூடு இறங்க ஆரம்பித்தது. முப்பத்தொன்பதில் மூன்று அளவு, முப்பத்தெட்டில் மூன்று அளவு, இறங்குமுகம். நெற்றியைத் துணியால் ஒற்றி, உலர விட்டு எடுத்தேன். ஆறும் புள்ளி இரண்டுக்குள் ஒத்துப்போயின. மச்சானுக்கும் கொஞ்சம் தெளிச்சி வந்தது, அரை டம்ளர் பால் குடித்தார். பிறகு நான் தூங்கப் போய்விட்டேன். ராத்திரியில் நான் வேலை பார்ப்பதில்லை; தூக்கக் கண்ணோடு எடுத்த அளவை நம்ப முடியாது.

அடுத்து ஏறுமுகம் வேண்டும். மாத்திரை கொடுத்தால் ஏறாது. இது என் விருப்பத்தைப் பொறுத்த விஷயமே இல்லை, சோதனையின் ஒழுங்கு அது. கிருமி மாத்திரையை நான் பிரிக்கவில்லை. அது காய்ச்சலை வேரோடு அறுத்துவிடும். சோதனை நடக்கும்போது டப்பாவின் சுவிட்சை யாரும் அணைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை முப்பத்தெட்டு. மத்தியானத்துக்குள் முப்பத்தொன்பது. மூன்று மணிக்கு நாற்பதைத் தொட்டது. பாத்திரம் கழுவ வரும் அக்கா முன்னறையைத் துடைக்கும்போது மச்சானின் காலைத் தொட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயா, உடம்பு கொதிக்குதே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலையா?"

"நீயே பாரு" என்று சொல்லி மச்சானின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கருவியை நீட்டினேன். முப்பத்தாறு புள்ளி ஆறு.

"கால் அப்படிச் சுட்டுச்சே?"

"போர்வைக்குள்ள இருந்த கால், சுடாம என்ன செய்யும்?"

அவள் எண்ணைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள். "மிஷினே சொல்லுதுன்னா நான் என்னத்தைக் கண்டேன்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். மச்சான் அவள் போவதைப் பார்த்து உரக்க, "சரி, சரி" என்றார். அவள் வாசலிலிருந்தே, "சரிங்கய்யா, நாளைக்கு வரேன்" என்று பதில் சொன்னாள்.

அந்தக் கணத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. முதியோர் இல்லத்தில் நடந்தது என் கண் முன்னால் அப்படியே நடந்திருந்தது. மாஸ்டர் நாற்பது என்கிறது, ஈரநெற்றி முப்பத்தாறு புள்ளி ஆறு என்கிறது, இரண்டும் உண்மை. ஈர அளவுகளுக்கென்று நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கினேன். சாயங்காலம் என் மனைவி வீடியோவில் கூப்பிட்டபோது அந்தப் பக்கத்தில் இரண்டாவது அளவு கிடைத்தது.

"என்னங்க, அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா? கருவியை எனக்குத் தெரியற மாதிரி காட்டுங்க."

துடைத்தேன், நீட்டினேன், காட்டினேன். முப்பத்தாறு புள்ளி எட்டு. இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. அன்றும் கருவி காட்டியதைத்தான் காட்டினேன்.

"சரி. சரி. சரி" என்று மச்சான் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கே. மூணு தடவை சொல்றாரே. அப்படிச் சொல்ல மாட்டாரே."

"உன்னைப் பார்த்த சந்தோஷம்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை எப்போது வேண்டுமானாலும் பிறக்கலாம், இல்லாவிட்டால் உடனே கிளம்பி வந்துவிடுவேன் என்றாள். அங்கேயே இரு, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

புதன்கிழமை கொஞ்சம் சிரமம். நாற்பது புள்ளி நாலில் வந்து நின்றுவிட்டது. நாற்பத்தொன்று இல்லாமல் ஏறுமுகம் முழுமை பெறாது. ஜன்னலைச் சாத்தி, இரண்டு கம்பளி போர்த்தினேன். மச்சானின் இடது கைக்கு அதுவரை பலம் இருந்தது. நான் கருவியை நீட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார். பேருந்து ஓட்டிய கை, பிடி இரும்பாக இருந்தது. கை ஆடினால் அளவு கெடும். அந்தக் கையை எடுத்துக் கம்பளிக்குள் வைத்து ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினேன். "மச்சான், இன்னும் கொஞ்ச நேரந்தான். முடிச்சிடலாமா?" என்று அப்போதும் கேட்டேன். "சரி" என்றார். வெட்டிச் சொன்னாரா, இழுத்துச் சொன்னாரா என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மாலை மூன்று நாற்பதுக்கு நாற்பத்தொன்று. மூன்று அளவும் கிடைத்தன. உடனே இறங்குமுகத்துக்காகக் காய்ச்சல் மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றினேன். விழுங்க அவரால் முடியவில்லை, கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. கம்பளியை எடுத்து, ஜன்னலைத் திறந்தேன். அப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்கிறீர்கள். போயிருக்கலாம். அங்கே மாஸ்டரை முதலில் கழற்றி எறிவார்கள். பாதியில் விட்ட சோதனை செய்யாத சோதனைக்குச் சமம்.

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு மூச்சு நின்றது. மாஸ்டர் நாற்பத்தொன்று புள்ளி மூன்று, கருவி நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. நான் அழுதேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் அழுதேன். அழுதுகொண்டே நோட்டை எடுத்தேன், ஏனென்றால் இறங்குமுகம் தானாகவே ஆரம்பித்திருந்தது.

நாற்பத்தொன்று, நாற்பது. இந்த இரண்டும் விதிக்குள் வந்தன. அதற்குப் பிறகு நெற்றி வேகமாகவும் கக்கம் மெதுவாகவும் ஆறின. முப்பத்தேழில் வித்தியாசம் ஒன்றரை வரை போனது. அது கருவியின் குற்றமில்லை. குறிப்புப் பத்தியில் 'ரத்த ஓட்டம் இல்லை' என்று எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். மாலை மூன்று மணிக்குக் கடைசி அளவு. நடுவில் என் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மூன்று ஐந்துக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அண்ணனைப் பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள், பேரன் பிறந்திருக்கிறான் என்று அவள் சொன்னாள்.

ஏறுமுகத்தில் முப்பத்தேழு மட்டும் கிடைக்கவில்லை. காய்ச்சல் ஆரம்பித்த பிறகுதான் கருவியைக் கையில் எடுத்தேன். முப்பதில் மூன்று குறைகிறது. அதற்கு வருந்துகிறேன். மற்றபடி அந்த நோட்டில் இருப்பது முழுக்க உண்மை. என் மனைவி அதை உங்களிடம் கொடுத்தபோது முகத்தில் எறிவது போலக் கொடுத்தாளாம். பக்கங்கள் கசங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்தது என் பெயருக்காக மட்டும் அல்ல. அந்த நர்ஸ் செய்த தவறை இன்னொருவர் செய்யக்கூடாது, இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர் இப்படிப் போய்விடக்கூடாது. அதற்கு யாராவது ஒருவர் சோதித்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஒன்றை விட்டுவிட்டேன். என் போனைப் பார்த்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் பிரிவுத் தலைவர் கூப்பிட்டார்.

"சார், நல்ல சேதி. அந்த நர்ஸே ஒத்துக்கிட்டாங்க. ஈரத்துணியை எடுத்த கையோட அளந்திருக்காங்க. கருவி மேல தப்பே இல்ல, உங்க மேலயும் இல்ல. டாக்டரம்மா உங்ககிட்ட வருத்தம் தெரிவிக்கச் சொன்னாங்க. மறுசோதனையும் வேணாம், அறிக்கையும் வேணாம். நிம்மதியா இருங்க சார்."

அப்போது மச்சானுக்கு முப்பத்தெட்டு புள்ளி ஆறு. மாத்திரைகள் கையெட்டும் தூரத்தில் மேசைமேல் இருந்தன. நான் ஒன்பது அளவுகள்தான் எடுத்திருந்தேன். தலைவருக்கு நன்றி சொல்லி போனை வைத்தபோது மணி பதினொன்று பத்து. பதினொன்றேகாலுக்கு அடுத்த அளவு எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தேன்.